செகண்ட் கியர் நிற்காத வண்டி

கிளட்சை மிதித்துக்கொண்டே நிற்காதீங்கம்மா, நியூட்ரலுக்குக் கொண்டுவந்துட்டுக் காலை எடுத்துருங்க என்று டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் சிங்காநல்லூர் சிக்னலில் செல்லாது. இங்கே பச்சை விழுந்தது தெரிவதற்குள் பின்னால் இருப்பவன் ஹார்னை அமுக்கிவிடுவான், அவனுக்கு முன்னால் நிற்கிற எல்லோரும் தூங்குமூஞ்சிகள். அதனால் ஃபர்ஸ்டிலேயே, கிளட்சை அடிவரைக்கும் மிதித்தபடி நிற்கிறேன். இடது முழங்காலுக்கு உள்பக்கம் ஒரு நரம்பு சுண்டிச் சுண்டி இழுக்கிறது. எடு காலை, எடு காலை என்கிறது. எடுத்தால் வண்டி குதித்து முன்னால் நிற்கிற சூலூர் பஸ்ஸின் முதுகில் முட்டும், முட்டட்டுமே என்று ஒரு நொடி தோன்றுகிறது, அப்புறம் சீ என்று இருக்கிறது. வெயில் இறங்கிவிட்டது, ஆனாலும் தார் ரோடு சூடு குறையவில்லை, ஏ.சி. போட்டால் மேடு ஏறாது என்பதால் கண்ணாடியை இறக்கிவிட்டிருக்கிறேன், பஸ் புகை நேரே என் மூக்குக்கு வருகிறது. பக்கத்து சீட்டில் என் வீட்டுக்காரர் சென்னியப்பன். கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் பிசியோதெரபி முடித்து வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன். ஒரு மணி நேரம் கையைத் தூக்கு, காலை மடக்கு என்று அவரைப் படுத்தி எடுத்துவிட்டார்கள், தூங்கலாம், தூங்கினால் எனக்கும் நிம்மதி, ஆனால் தூங்கமாட்டார். வலது கையைக் கியர் குமிழுக்குப் பக்கத்தில் தயாராக வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். இடது கை மடியில் கிடக்கிறது. பக்கவாதம் அவருடைய இடது பக்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை எனக்கு விட்டுவைத்தது. மிச்சம் என்று சொல்லக்கூடாது. சொன்னால் என்ன, மனசுக்குள்தானே சொல்கிறேன்.

பஸ் நகர்கிறது. கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட, வண்டி ஒரு உதறல் உதறிவிட்டுக் கிளம்புகிறது. செகண்ட். நான் லீவரைக் கீழே இழுத்ததும் அவர் கை வந்து அதன்மேல் உட்கார்ந்து அமுக்கிக்கொள்கிறது. எங்கள் வண்டியில் செகண்ட் கியர் நிற்காது. போட்டால் விழும், விழுந்த கியர் ஒரு மேடோ பள்ளமோ வந்தால் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்து நிற்கும், வண்டி சும்மா உறுமிக்கொண்டு போகாமல் கிடக்கும். நான் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டால் ஸ்டியரிங்குக்கு ஒரு கைதான் மிச்சம், இந்த ரோட்டில் ஒற்றைக் கையில் ஓட்டுவதற்கு நான் என்ன மினிபஸ் டிரைவரா. எனக்கு இரண்டு காலும் இருக்கிறது, அவருக்கு ஒரு கை சும்மா இருக்கிறது. நான் மிதிப்பேன், போடுவேன். அவர் பிடிப்பார். தேர்டுக்கு மாற்றும்போது விட்டுவிடுவார். இதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை, ஒருநாள் கியர் கழன்றபோது அவர் கை தானாக வந்தது, அன்றிலிருந்து வருகிறது. பட்டறை ரபீக் பாய் இரண்டு தடவை கியர் பெட்டியை இறக்கிப் பார்த்துவிட்டார். "அக்கா, உள்ள பல்லெல்லாம் மழுங்கிக் கெடக்குதுங்க. இதுக்கு மேல மெனக்கெட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல, வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுருங்க" என்றார். இல்லீங்க பாய், ஓடற வரைக்கும் ஓடட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கியர் ஆயில் மாற்றினேன். கிளட்ச் கேபிள் மாற்றினேன். தினமும் காலையில் வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து, ஆயில் சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறேன், எதிர்வீட்டு ரங்கநாயகி அக்கா வாசல் தெளித்துக்கொண்டே, ஏ கோகிலா, பச்சப்புள்ளைக்குக்கூட இப்பிடிப் பாக்கமாட்டாங்க என்று சிரிக்கிறாள். சிரிக்கட்டும். இந்த ஓட்டை கியர் பெட்டி செத்துப்போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது.

தேர்டு. கை விட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி நடையில் நின்று அந்தப் பெரிய டாக்டர் சொன்னது இப்படித்தான் கியர் மாற்றும் நேரத்தில், சிக்னலில், அரிசி களையும்போது, எப்போது வேண்டுமானாலும் வந்து மாட்டிக்கொள்கிறது. கால் நடக்கப் பழகிரும்மா, ஆனா இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதே அவருக்கு மனசுல பதியாது, கண்ணு நல்லாத்தான் இருக்கும், மூளை பாக்காது. கால் சரியானாலும் வண்டி மட்டும் ஓட்டவே கூடாது, எப்பவுமே கூடாது. நான் தலையை ஆட்டினேன். அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை, டாக்டரும் அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். வீட்டுக்கு வந்த பிறகு பார்த்தேன், எல்லாம் டாக்டர் சொன்னபடியே இருந்தது. இவர் பேப்பரில் வரியின் பின்பாதியை மட்டும் படித்துவிட்டு, இவனுங்களுக்கு எழுதவே தெரியல என்று திட்டுவார். இடது காலில் செருப்பு கழன்றால் தெரியாமல் தெருமுனை வரைக்கும் போவார். ரூமுக்குள் போகும்போதெல்லாம் இடது தோள் கதவு நிலையில் இடிக்கும், தோள்பட்டை பூராவும் கன்றிப்போய் இருக்கிறது, இந்த நெலைய எவன் இப்பிடி வெச்சான் என்று, தானே நின்று வைத்த நிலையைத் திட்டுவார். முப்பது வருஷம் நூல் ஏஜெண்டாக ஊர் ஊராக, மில் மில்லாக வண்டி ஓட்டிய மனுஷன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் ஒரே பாட்டு. இந்தக் கிளட்ச்தானுங்க சனியன், அதுக்குத்தான் இடது கால் வேணும், அது ஒண்ணு மட்டும் இல்லீன்னா நாளைக்கே எடுத்து ஓட்டிருவேன். வந்தவர்களும் ஆமாமா, உங்களுக்கென்னங்க என்பார்கள். நானும் காபி டம்ளரை நீட்டிக்கொண்டே ஆமாமா என்பேன். கிளட்ச் இருக்கிற வரைக்கும் பழி கிளட்சுக்குப் போகும். அதனால்தான் அட்டை, ஆயில், கேபிள், ரபீக் பாயிடம் கெஞ்சல். ஒரு கிளட்ச் பெடலுக்கு இவ்வளவு கும்பிடு போட்ட பொம்பளை கோயமுத்தூர் ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை. இதோ வந்துவிட்டது, இதை நினைக்காமல் ஒண்டிப்புதூர் வரைக்கும் போய்விடலாம் என்று பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் மகள் மேகலா பெங்களூரிலிருந்து வருகிறாள், அவளும் மாப்பிள்ளையும் புது வண்டி எடுத்துவிட்டார்களாம், பழசை அப்பாவுக்குக் கொண்டுவந்து விடப்போகிறாள். பழசு ஆட்டோமேட்டிக். கிளட்சும் கிடையாது, கியரும் மாற்ற வேண்டாம். "அப்பா, இடது காலுக்கு வேலையே இல்லப்பா, சும்மா வெச்சுட்டு உக்காந்துக்கலாம். இனி நீங்களே எங்க வேணும்னாலும் போலாம்" என்று போனில் கத்தினாள், சந்தோஷத்தில் அழுதாள். அவர் சரி கண்ணு, சரி கண்ணு என்றார். தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது. மேகலாவிடம் டாக்டர் சொன்னதை நான் சொல்லவில்லை. சொன்னால் அழுவாள், அழுதால் அவர் ஏன் என்று கேட்பார். சொல்லாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வரும். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைப்பார்கள், ரங்கநாயகி அக்கா ஆரத்தி சுற்றுவாள், இவர் விபூதி பூசிக்கொண்டு வலது பக்கம் ஏறி உட்காருவார், வண்டி வெண்ணெயாக நகரும், எல்லோரும் கை தட்டுவார்கள், கேட்டைத் தாண்டும்போது இடது பக்கம் ரங்கநாயகி அக்காவின் பேத்தி மூன்று சக்கர சைக்கிளில். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். எத்தனை முறை நினைத்தாலும் அந்த சைக்கிளுக்கு முன்னால் வந்து நின்றுவிடுகிறேன், அதற்கு அப்பால் போக முடியவில்லை, திரும்பவும் எலுமிச்சம்பழத்திலிருந்து ஆரம்பிக்கிறது.

அசதியாக இருக்கிறது. தூக்கம் போட்டால் போகிற அசதி இல்லை இது. அந்த இடது சீட்டு என் சீட்டு. கல்யாணமானதிலிருந்து நான் அதில்தான் தூங்கினேன், பழனிக்குப் போனாலும் திருச்செங்கோட்டுக்குப் போனாலும் பல்லடம் தாண்டுவதற்குள் என் தலை கண்ணாடியில் சாய்ந்துவிடும், அவர் ஓட்டுவார். சின்ன வண்டி, செகண்டுக்கு இழுக்கும்போது அவர் புறங்கை என் சேலை மடிப்பில் வந்து படும், தூக்கத்திலேயே ஊருக்குள் வந்துவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துவிடும். எழுப்பமாட்டார். வீடு வந்து எஞ்சினை நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். யாராவது என்னை மறுபடியும் அப்படி உட்காரவைத்து எங்கேயாவது ஓட்டிக்கொண்டு போனால் தேவலை. அம்பது வயதில் என் தலையில் யார் எழுதினார்கள் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கு என்று. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். நான் அருமையாக ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஒரு தடவைகூட ஆஃப் ஆகவில்லை, வீட்டில் வந்து பெருமை அடித்தேன். நம்ம வண்டியைத் தனியாக எடுத்த அன்றைக்குத் தெருமுனைக்குள் எத்தனை தடவை ஆஃப் ஆனது என்று கணக்கே இல்லை. அத்தனை நாளும் அந்த ஆள் சத்தமில்லாமல் காலை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு ஸ்கூலுக்கே போய், நீங்க பண்ணது நல்லாருக்குதுங்களா என்று கேட்டேன். அவர் சிரித்தார், வேற எப்பிடிங்கம்மா உங்களுக்குத் தைரியம் வரும் என்றார்.

"லெஃப்ட் ஃப்ரீ, வா வா" என்கிறார் என் வீட்டுக்காரர். இது அவர் எடுத்துக்கொண்ட இன்னொரு வேலை. ஒண்டிப்புதூரில் நிற்கிற லாரியைத் தாண்டி இடது பக்கம் ஒதுங்க வேண்டும். இடது சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் இடது பக்கம் பார்த்துச் சொல்வது உலக வழக்கம், நானும் அந்தக் காலத்தில் அவருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர் இப்போது பார்க்காமலே சொல்கிறார். முகம் நேராகத்தான் இருக்கிறது. நான் சரிங்க என்றபடி கண்ணாடியிலும், கழுத்தை நீட்டி அவர் மடியைத் தாண்டியும் பார்க்கிறேன். பால்கேனை இரண்டு பக்கமும் கட்டிக்கொண்டு ஒருவன் மொபெட்டில் ஒட்டிக்கொண்டு வருகிறான். பிரேக். கேன்காரன் என்னைப் பார்த்து என்னவோ சொல்லிவிட்டுப் போகிறான், நல்ல வார்த்தையாக இருக்காது. ஏன் நிறுத்தினாய் என்று இவர் கேட்கவில்லை. எப்போதும் கேட்பதில்லை. சொல்லிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள், பாலம் ஏறுவதற்குள், இன்றைக்கே. ஏனுங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். அவ்வளவுதான், அதற்கு மேல் அவர் ஏன் என்பார், நான் சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு இந்த மனுஷன் எதைத் திட்டுவார். திட்டுவதற்கு ஒரு கிளட்சாவது இருந்தது, அதையும் பிடுங்கிக்கொண்டு, உங்கள் மண்டைக்குள் பாதி வெளிச்சம் போய்விட்டது, அது வராது என்று எந்த வாயால் சொல்வது. வேண்டாம். நாளைக்குச் சொல்லலாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை இதையெல்லாம் பேசக்கூடாது.

பாலம். தண்டவாளத்துக்கு மேலே போகிற இந்தப் பாலம்தான் எனக்கு எமன். ஏற்றம் முழுக்க வண்டிகள் ஊர்கின்றன, தேர்டு தாங்காது, ஃபர்ஸ்ட் போட்டால் கதறும், செகண்டில்தான் ஏற வேண்டும். கிளட்ச், செகண்ட், அவர் கை. முன்னால் கரும்பு டிராக்டர், பின்னால் கண்ணாடி நிறைய ஒரு டேங்கர் லாரியின் முகம். ஏறு தங்கம், ஏறிவிடு. பாதி ஏறியாயிற்று. அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடிக்கிறது. மேகலாவுக்கென்று வைத்த மணி. கை லீவரை விட்டுவிட்டுப் பைக்குப் போகிறது, அவருக்கு இருப்பதே அந்த ஒரு கை. டொக் என்று கியர் கழன்று, எஞ்சின் வெறுமனே அலறி, வண்டி பின்னால் வழுக்குகிறது. பிரேக்கைப் பலம்கொண்ட மட்டும் மிதிக்கிறேன், ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறேன், பதறிச் சாவியையும் திருப்பிவிட்டேன், ஆஃப். டேங்கர்காரன் அடிக்கிற ஹார்ன் காதுக்குள் இல்லை, பல்லுக்குள் அடிக்கிறது. போன் கீழே விழுந்து, அடித்து, நின்றுபோகிறது.

"யாரக் கேட்டுக் கைய எடுத்தீங்க?"

"மேகலா கூப்பிட்டா."

"கூப்பிட்டா? அப்பறம் பேச மாட்டாளா? இன்னும் ஒரு அடி போயிருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

அவர் நேராகப் பார்த்துக்கொண்டு, வழக்கமான குரலில், "இந்தக் கிளட்ச் எழவு ஒண்ணு இல்லீன்னா..." என்று ஆரம்பிக்கிறார்.

எனக்குள் ஏதோ ஒன்று கழன்றுகொள்கிறது. "கிளட்ச் இல்லீங்க. கிளட்ச்சும் இல்ல, காலும் இல்ல. உங்களுக்கு இடது பக்கம் தெரியறதில்ல. கால் சரியானாலும் ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாரு. ஞாயித்துக்கிழம அந்த வண்டி வந்தாலும் நீங்க ஓட்டக் கூடாது. எந்த வண்டி வந்தாலும் கூடாது."

சொல்லிவிட்டேன். நடு மேட்டில், ஹார்ன் சத்தத்தில், கூலிக்காரியிடம் கத்துகிற மாதிரி கத்திச் சொல்லிவிட்டேன். பைக்கில் ஒருவன் குனிந்து எங்களைப் பார்த்துக்கொண்டே போகிறான். சாவியைத் திருப்ப வேண்டும், திருப்ப முடியவில்லை.

"தெரியும்" என்கிறார் அவர்.

"என்ன தெரியும்?"

"தெரியும் கோகிலா. சோறு திங்கறப்ப ரசம் ஊத்தறேன்னு சொல்லித் தட்டத் திருப்பி வெக்கறயே. திருப்புனதும் அங்கொரு பக்கம் பூராச் சோறு இருக்குது. நான் என்ன, கொழந்தையா?" அப்புறம், "எனக்குத் தெரியும்னு ஒனக்குத் தெரிய வேண்டாம்னுதான் நானு கிளட்ச்ச வஞ்சுட்டு இருந்தேன்" என்கிறார்.

"அப்பறம் எதுக்கு வழியெல்லாம் லெஃப்ட் ஃப்ரீ, லெஃப்ட் ஃப்ரீன்னு..."

"நீதான் எப்பிடியும் எட்டிப் பாத்துட்டுத்தான எடுக்கறே. சும்மா உக்காந்து வர்றதுக்கு ஏதாச்சும் சொல்லோணுமில்ல."

எனக்குக் கோபம்தான் வருகிறது. பாவம் என்று வரவில்லை, கோபம் வருகிறது. அந்த அட்டை, அந்த ஆயில், ரபீக் பாயிடம் கெஞ்சியது, வந்தவர்களிடம் போட்ட ஆமாமா, ராத்திரி முழுக்க விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது எல்லாம் எதற்கு. பக்கத்தில் படுத்துக்கொண்டு இந்த மனுஷனும் அதே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், ஒரே பொய்யை, இரண்டு பேரும் பாலூற்றி வளர்த்திருக்கிறோம். அழுகை பிறகுதான் வருகிறது, அதுவும் முழுசாக வரவில்லை, டேங்கர்காரன் இறங்கி வருகிறான். வண்டியை ஸ்டார்ட் செய்கிறேன். கிளட்ச். ஃபர்ஸ்ட். வண்டி அதிரும் வரைக்கும் கிளட்சை விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்க, ஒரு விரற்கடை பின்னால் போய், பிடித்துக்கொண்டு ஏறுகிறது. ஃபர்ஸ்டிலேயே கதறிக்கொண்டு உச்சிக்குப் போய்விட்டோம். இறக்கத்தில் நேரே தேர்டு. இருட்டத் தொடங்கிவிட்டது, விளக்கைப் போடுகிறேன். அவர் சிரமப்பட்டுக் குனிந்து, காலடியில் தடவி, போனை எடுக்கிறார். அது மறுபடியும் அடிக்கிறது. ஸ்பீக்கரில் போடுகிறார்.

"சொல்லு கண்ணு. பாலத்து மேல வந்துட்டு இருந்தோம், அதான் எடுக்கல. ம். நானே கூப்பிடலாம்னு இருந்தேன் சாமி. அந்த வண்டிய இங்க கொண்டாராத."

"ஏம்ப்பா?"

நான் ரோட்டைப் பார்க்கிறேன். சொல்லப்போகிறார். அவர் வாயாலேயே, அவர் மகளிடம்.

"உங்கம்மாளுக்கு ஆட்டோமேட்டிக்னா பயமா இருக்குதாமா. வேண்டவே வேண்டாம்ங்கறா. பழகுன கிளட்ச் வண்டியே போதும்னு ஒரே அழுக."

"ஓட்டப்போறது நீங்கப்பா. அவங்களுக்கு என்ன பயம்?"

"நான் ஓட்டுனா அவளுக்கு இன்னும் பயமாமா. இந்தா, அவகிட்டயே கேளு."

ஸ்பீக்கரை அணைத்து, போனை என் காதில் வைத்து, வலது கையால் பிடித்துக்கொள்கிறார். என்னைப் பார்க்கவில்லை. போன் சூடாக இருக்கிறது, அவர் கையும். மேகலாவின் மூச்சு கேட்கிறது. "அம்மா, நெசமாவா? நீ பயப்படறயா? அதுக்காக அவர ஓட்ட விடமாட்டயா?"

"ஆமா மேகலா. எனக்குப் பயமாத்தான் இருக்குது. கொண்டாராத."

"எப்பப் பாத்தாலும் உன்ற பயம். ஓட்டற ஒரு மனுசன ரெண்டு வருசமா இப்பிடி உக்கார வெச்சுட்டியேம்மா. உன்னாலதான் அப்பா இப்பிடி முடங்கிக் கெடக்கறாரு, தெரியுமா?"

"ஆமா சாமி" என்கிறேன். "என்னாலதான்."

மேகலா வைத்துவிட்டாள். இருகூர் பிரிவு தாண்டி வண்டி தேர்டில் போய்க்கொண்டிருக்கிறது. அவர் இன்னும் போனை என் காதிலிருந்து எடுக்கவில்லை.